காணுக்கு வெளியே போன பந்து

மடுல்சீமைப் பக்கத்து ஊசிப்பாறைத் தோட்டத்தில், 1908ஆம் ஆண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஜெயராசா பிடித்த பந்தோடு எல்லை வாய்க்காலான காணைத் தாண்டிவிட்டான் என்று அம்பயர் தீர்ப்புச் சொன்னபோது, தொழிலாளர் குடியிருந்த நீள வரிசை வீடான பெரிய லயத்தில் இருந்த பன்னிரண்டு குடும்பங்களும் ஆளுக்கு ஓர் அறை தள்ளிப் போயின. முதல் அறையில் இருந்தவர்கள் இரண்டாம் அறையிலும், இரண்டாம் அறையில் இருந்தவர்கள் மூன்றாம் அறையிலும் நின்றார்கள். கையில் வைத்திருந்தது கூடவே வந்தது. அடுப்பில் இருந்தது வரவில்லை. அதனால் அன்றைக்கு எல்லோரும் அடுத்த குடும்பம் ஆக்கிய சோற்றைத் தின்றார்கள். கறியில் உப்புப் போதவில்லை என்று ஐந்தாம் அறையில் ஒரு சிறு சண்டையும் நடந்தது. கடைசி அறையில் இருந்த பூவம்மாவையும், அவள் புருசனையும், அவள் கயிற்றைப் பிடித்திருந்த வெள்ளாட்டையும் தோட்டத்தில் எங்கு தேடியும் காணவில்லை. முதல் அறை வெறுமையாக இருந்தது.

அந்த விளையாட்டைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர், தேயிலைக் கொழுந்து உலர்த்தும் இயந்திரத்தைப் பூட்டுவதற்காக அமெரிக்காவிலிருந்து வந்து இரண்டு வருடம் தங்கியிருந்த ஒருவர். ஆட்கள் அவரை மிசின் துரை என்றார்கள். மற்றத் துரைமார் பதுளைக்குப் போய்க் கிரிக்கெட் ஆடினார்கள். அவருக்கு அந்த ஆட்டம் பிடிக்கவில்லை என்று சிலரும், அவரை யாரும் கூப்பிடவில்லை என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி என்று தீர்மானிக்க முடியவில்லை. எப்படியோ, காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அவர் மூன்று கற்களையும் ஒரு பலகையையும் பதித்து, பேஸ்போல் என்ற தன் நாட்டு ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொடுத்தார். பலகையருகே நின்று மட்டையால் பந்தை அடித்தவன் கல்லுக்குக் கல் ஓடவேண்டும். கல்லின்மேல் கால் இருக்கும்வரை அவனை ஒன்றும் செய்ய முடியாது. மூன்று கல்லையும் கடந்து மறுபடி பலகைக்கு வந்தால் ஒரு புள்ளி. ஆட்கள் முதல் கல்லுக்குப் பண்டாரவளை என்றும், இரண்டாவதுக்குக் கொழும்பு என்றும், மூன்றாவதுக்குத் தூத்துக்குடி என்றும், பலகைக்கு ஊர் என்றும் பேர் வைத்தார்கள். இந்தியாவிலிருந்து அவர்கள் வந்த வழியைத் திருப்பிப் போட்டால் அதுதான் வரிசை. பலகைக்குப் பத்தடி தள்ளி லயத்தின் கடைசி அறை இருந்தது.

களத்துக்கும் தேயிலைக்கும் நடுவே மழைத்தண்ணீர் போவதற்கு வெட்டிய காண் ஒன்று ஓடியது. அதுவே ஆட்டத்தின் எல்லை. உயரப் பறந்த பந்தைத் தரையில் விழாமல் ஒருவன் பிடித்தால் அடித்தவன் ஆட்டமிழந்தான். ஆனால் பிடித்தவன் அந்தப் பந்தோடு காணைத் தாண்டிவிட்டால், பிடித்தது பிடித்ததுதான் என்றாலும், ஆட்டம் அங்கேயே நிற்கும். ஏற்கெனவே கற்களில் நிற்பவர்களுக்கு ஓடாமலே ஆளுக்கு ஒரு கல் முன்னால் கிடைக்கும். இந்த விதி ஆட்களுக்கு விளங்க நாளாயிற்று. பந்தைப் பிடித்த கெட்டிக்காரனுடைய கட்சிக்கு ஏன் நட்டம் என்று கேட்டார்கள். எல்லைக்கு வெளியே எதையும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது, போனால் உள்ளே நிற்பவர்களுக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று மிசின் துரை கைச்சாடையால் விளக்கினார். ஆனால் லயத்தில் இருந்தவர்களும் அந்த ஈட்டில் சேர்வார்கள் என்று அவர் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை. அப்படி நடக்கத் தொடங்கியபோது அவர் கப்பலேறிப் போயிருந்தார்.

அம்பயராக நின்றவர் ஸஹாப்தீன்; ஆட்கள் அவரை நானா, அதாவது அண்ணன், என்றார்கள். பதுளைக் கடைவீதியில் சீலைக் கடை வைத்திருந்தார். கிழமைக்கு இரண்டு தடவை மூட்டையோடு பசறை வழியாகத் தோட்டங்களுக்கு வருவார். தோட்டத்தின் இரு பகுதிகளான மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடியதால், மேற்கணக்கு ஆளைக் கீழ்க்கணக்கு நம்பவில்லை, கீழ்க்கணக்கு ஆளை மேற்கணக்கு நம்பவில்லை. இரண்டுக்கும் சேராத ஒருவர் வேண்டியிருந்தது. அவர் விதிகளை மிசின் துரையின் வாயிலிருந்து கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டார். பந்தோடு ஒருவன் காணருகே போனால், அவர் சீலை அளக்கும் கஜக்கோலை எடுத்துக்கொண்டு போய், குனிந்து, ஈர மண்ணில் காலடி எங்கே விழுந்திருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஒருமுறை மட்டும் அவசரத்தில் அளக்காமல் சொல்லிவிட்டார். பிறகு பார்த்தால் குதிகால் காணின் இந்தப் பக்கத்தில் இருந்தது. ஆனாலும் லயத்தில் குடும்பங்கள் நகர்ந்துவிட்டன, திரும்பி வரவில்லை. இதிலிருந்து, நகர்த்துவது பந்து அல்ல, தன் வாய்ச்சொல்தான் என்று அவர் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

நகரும்போது எப்படி இருந்தது என்று தனித்தனியாகக் கேட்டதில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பள்ளத்தில் இறங்கும் மாட்டு வண்டியில் நிற்பதுபோல அறையின் தரை முன்னால் சாய்ந்ததாம். விழாமல் இருக்க ஒரு காலை எடுத்து வைத்தார்களாம். வைத்த கால் அடுத்த அறையில் இருந்ததாம். பூவம்மா வைத்த கால் எங்கே இருந்தது என்பது அந்த ஆவணியில் தெரிந்தது. திருச்சிப் பக்கம் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கப் போய்வந்த பெரிய கங்காணி, அவளை அவள் ஊரின் கிணற்றடியில் ஆட்டோடு பார்த்ததாகச் சொன்னார். அதைக் கேட்டதும் தோட்டத்தில் பெரிய சந்தோசம். கப்பலும் இல்லாமல், நோய் பார்க்க அடைத்துவைக்கும் முகாமும் இல்லாமல், ஒரு காலை எடுத்து வைத்தால் ஊர். கடைசி அறைக்கு ஆட்கள் போட்டி போட்டார்கள். கீழ்க்கணக்கில் கை நீளமான ஜெயராசாவிடம், இந்த ஞாயிறு எப்படியாவது பந்தைத் தூக்கிக்கொண்டு காணைத் தாண்டிவிடு என்று வயதானவர்கள் கெஞ்சினார்கள். அவனும் சிலரை அனுப்பிவைத்தான். காலியான முதல் அறையில், புதிதாக இந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள்.

1910இல் பூவம்மா திரும்பி வந்தாள். தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் இறங்கி, பண்டாரவளை வரைக்கும் ரயிலிலும் அதற்கப்பால் நடந்துமாக, புது ஆட்களோடு புது ஆளாக வந்தாள். புருசன் தூத்துக்குடியில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காய்ச்சலில் செத்துப்போனான். “ஊர்ல என்னைய யாருன்னு கேட்டாங்க,” என்றாள். “எங்க வீட்டுல வேற ஆளு குடியிருக்கு. எங்க அண்ணன் மகன், தண்ணிக்கு மட்டும் கிணத்துப் பக்கம் வந்துக்கங்க, மத்தபடி தொந்தரவு குடுக்காதீங்கன்னுட்டான். ஆடு மட்டும் பழகிக்கிருச்சு. அத விட்டுட்டு வந்துட்டேன்.” அவளுக்கு லயத்தின் முதல் அறை கிடைத்தது. அவளுக்குப் பின்னால் போன வேறு இரண்டு குடும்பங்களும் அதே வழியாக இளைத்துத் திரும்பின. மற்றவர்களைப் பற்றித் தகவல் இல்லை. கடைசி அறைக்குப் போட்டி நின்றுபோயிற்று. ஜெயராசா காணுக்கு நாலடி இந்தப் பக்கமே நின்று பந்து பிடிக்கப் பழகினான்.

1912இல் வேறொரு துரை வந்தார். அவர் விளையாட்டைப் பார்த்தார், லயத்தைப் பார்த்தார், கணக்கப்பிள்ளை சிதம்பரநாதனிடம் சில கேள்விகள் கேட்டார். அதற்குப் பிறகு, யாரைத் தோட்டத்தில் வைத்திருக்க விருப்பமில்லையோ அவர்களுக்குக் கடைசி அறைக்கு மாறும்படி உத்தரவு வந்தது. அடுத்த ஞாயிறு ஆட்டம் நடந்தது. பெரிய கங்காணி ஜெயராசாவிடம் போய், பந்து உயர வந்தால் எங்கே போய் நிற்கவேண்டும் என்பதைச் சொல்லிவைத்தார். சொன்னபடி செய்யாவிட்டால் அடுத்துக் கடைசி அறைக்கு யார் என்பதையும் சொன்னார். ஜெயராசாவுக்குப் பெண்சாதி வடிவம்மாவும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். வேண்டாதவன் ஒருவனை அனுப்பத் துரைக்குக் கப்பல் செலவோ வழக்கோ தேவைப்படவில்லை. ஸஹாப்தீன் கஜக்கோலால் அளந்தார், தாண்டியிருந்ததால் தாண்டியது என்றார். அந்த இரண்டு வருடத்தில் ஆறு குடும்பம் அப்படிப் போயிற்று. அவர் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்பதை இன்றைக்கும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

1914இல் கருப்பம்மாவின் முறை வந்தது. அவள் செய்தது இதுதான்: மழைநாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கூடைக்குக் கூடை கழிப்பதை, தராசுக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி ஏன் என்று கேட்டாள். பின்னால் நின்ற பெண்களும் ஏன் என்றார்கள். அவள் புருசன் முத்துவீரன் அப்போது தோட்டத்தில் இல்லை. நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து கால் முறிந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்தக் கிழமையே அவளைக் கடைசி அறைக்கு மாறச் சொன்னார்கள். பதினொன்றாம் அறையில் ஜெயராசா குடும்பம் இருந்தது. கிழமை நடுவில் ஸஹாப்தீன் சீலை மூட்டையோடு வந்து லயத்து வாசலில் அவிழ்த்தபோது, அவள் வந்து எதிரே குந்தினாள்.

“நானா, ஞாயித்துக்கெழம நீங்கதானே நிக்கிறீங்க?”

“நான்தான்.”

“ஜெயராசாவப் பந்தத் தூக்கிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. தோட்டத்துக்கே தெரியும்.”

“எனக்கும் தெரியும்.”

“நான் பொறந்தது இந்த லயத்துல, நாலாவது காம்பராவுல. அந்தப் பக்கத்து ஊரு பேரே எங்கம்மா சொல்லித்தான் தெரியும், அதுவும் பாதிதான் ஞாபகம் இருக்கு. பாதிப் பேரச் சொல்லிக்கிட்டு நான் எங்க போயி எறங்குறது? இவரு கால் சரியாகி வந்து பாத்தா காம்பராவுல யாரு இருப்பா?”

“நான் என்ன செய்ய, தங்கச்சி?”

“அவன் கால் தாண்டலன்னு சொல்லிருங்க. ஒரே ஒரு வார்த்த.”

ஸஹாப்தீன் ஒரு சீலையை மடித்து வைத்துவிட்டு, கண்டதைக் காணவில்லை என்று சொல்லத் தனக்கு ஏலாது என்றார். அப்படி ஒருநாள் சொன்னால் மறுநாள் தன் வாயிலிருந்து வருவது எதுவாக இருக்கும், அது யாரை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று தனக்கே பயமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

“அப்ப அந்தச் செவப்புச் சீலைய எடுத்துக் காட்டுங்க நானா,” என்றாள் கருப்பம்மா. “ஊருக்குப் போறவ புதுசு கட்டிக்கிட்டுப் போறதுதானே மொற.”

அன்று அவர் ஒன்றும் விற்காமல் மூட்டையைக் கட்டினார்.

பதுளையில் அவர் மனைவி ரஹ்மத்தும்மா நடந்ததைக் கேட்டுவிட்டு, சோற்றைப் போட்டபடியே சொன்னார்: “சீலை வாங்க வாறவங்களுக்கு நாலு விரல் கூட்டி வெட்டிக் குடுக்கிற மனுசன். ஒரு பொம்புளைக்கு நாலு விரல் கூட்டிப் பார்க்க ஏலாதா?”

“கூட்டிக் குடுக்கிறது என்ட சீலை. காண் என்ட சீலை இல்லை.”

“அப்ப ஏன் சோறு இறங்குதில்லை?”

அடுத்த மூன்று நாளும் கடையில் சீலைகளை விரித்து மடித்துக்கொண்டே, மிசின் துரை சொன்ன விதிகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். ஏதாவது ஒன்றைத் தவறாக வைத்திருக்கிறேனா என்பதுதான் அவருடைய சந்தேகம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும் வழியில், பெரிய கடைத்தெரு முனையில், மறந்திருந்த ஒரு ஞாயிறு அவருக்கு ஞாபகம் வந்தது. மூன்றாம் கல்லில் நின்ற ஒருவனுக்கு அன்று இந்த விதிப்படி பலகை இலவசமாகக் கிடைத்தது. அவன் சந்தோசத்தில் குதித்து, பலகையின் மேலாகத் தாவி, அதை மிதிக்காமலே தன் ஆட்களிடம் போய்விட்டான். மிசின் துரை புள்ளி கொடுக்கவில்லை. கொடுத்த கல்லாக இருந்தாலும் அவனவன் கால்தான் அதைத் தொடவேண்டும், தொடாதவன் நகர்ந்தவன் ஆகமாட்டான், கொடுப்பதுவரைக்கும்தான் அம்பயரின் வேலை என்று துரை அன்று தெளிவாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. முன்னால் போ என்று கொடுத்த இடத்துக்குப் போகாமல் நின்ற ஆள் ஊசிப்பாறையில் ஒருவரும் இருந்ததில்லை. ஸஹாப்தீன் கடைத்தெரு முனையில் நின்றுவிட்டார். பின்னால் வந்த வண்டிக்காரன் இரண்டு தடவை சத்தம் போட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை துரை குதிரையில் வந்து பார்த்தார். மேற்கணக்கு ஆள் அடித்த பந்து உயரப் போய், மூடுபனிக்குள் மறைந்து, காணுக்கு நேர் மேலே இறங்கியது. ஜெயராசா அதைப் பிடித்தான். பிடித்த இடத்தில் நிற்கப் பார்த்தான் என்று அருகில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். பெரிய கங்காணி இருமினார். ஜெயராசா தலையைக் குனிந்துகொண்டு காணைத் தாண்டி, தேயிலைக்குள் இரண்டு நிரை உள்ளே போய் நின்றான். அளக்கத் தேவையே இல்லை. ஆனாலும் ஸஹாப்தீன் கஜக்கோலோடு போய், குனிந்து, இரண்டு காலடியையும் அளந்தார். திரும்பி வந்து பலகையருகே நின்று, லயத்துக்குக் கேட்கும் குரலில் சொன்னார்:

“பிடிச்சது சரி. அடிச்சவர் போகலாம். பந்து காணுக்கு வெளியே போயிட்டுது, அதனால ஆளுக்கு ஒரு கல். கொடுத்த கல்லை அவங்கவங்க கால்தான் தொடணும். தொடாதவங்கள யாரும் நகர்த்த ஏலாது. ஒரு கல்லுல ரெண்டு பேர் வந்து நின்டா, முந்தி நின்டவருக்குத்தான் அந்தக் கல். இது முழு விதி.”

கடைசி அறை வாசலில் நின்ற கருப்பம்மா, அவர் இரண்டாவது பாதியைச் சொல்லும்போதே நிலைப்படியில் உட்கார்ந்து, உள்ளங்கால்களை நிலைக்கட்டையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். தரை சாய்ந்தது. வீட்டுக்குள் இருந்த பானை உருண்டு வாசல் வழியாக வெளியே போய், பலகையைத் தாண்டும்போது இல்லாமல் போயிற்று. அவள் அசையவில்லை. காலை எடுக்கவில்லை. தரை நேரானபோது, அவளுக்குப் பின்னால் அறைக்குள் வடிவம்மா மூன்று பிள்ளைகளோடும் ஒரு முறத்தோடும் நின்றுகொண்டிருந்தாள். மற்றக் குடும்பங்கள் பழக்கத்தில் காலை வைத்து ஆளுக்கு ஓர் அறை வந்திருந்தன. ஜெயராசா பந்தைக் கையில் வைத்தபடியே ஓடிவந்தான்.

“நான் என்ன பண்றது?” என்றாள் வடிவம்மா. “நீதான பந்தத் தூக்கிக்கிட்டு ஓடுன? இப்ப வந்து மொகத்தப் பாக்குற.”

“உள்ளுக்கு வா, அண்ணே,” என்றாள் கருப்பம்மா, திரும்பிப் பார்க்காமல். “என் பானைதான் போயிருச்சு. ஒங்க வீட்டுப் பானைய எடுத்துக்கிட்டு வா.”

அன்று மாலை ஸஹாப்தீன் கஜக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பூவம்மா வந்தாள். அப்போது அவள் ஏழாம் அறையிலிருந்து எட்டாம் அறைக்கு வந்திருந்தாள். “அந்த ரெண்டாவது பாதிய அன்னிக்கே சொல்லியிருந்தா எம்புருசன் உசுரோட இருந்திருப்பாரு, நானா,” என்றாள்.

“அன்டைக்கு எனக்கு ஞாபகம் வரல்ல. ஒருத்தரும் கேக்கவும் இல்லை.”

“தூக்கி வச்ச எடத்துல நிக்கிறதுதான் எங்களுக்குப் பழக்கம். நாங்க கேக்கமாட்டோம்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

பிறகு பல வருடம், சீலை வெட்டும்போது நடுவில் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, வாங்க வந்தவர்களிடம், இன்னும் ஏதாவது கேட்க இருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் அவருக்கு வந்தது. பதுளையில் இதை வியாபாரத் தந்திரம் என்று நினைத்தார்கள்.

துரைக்குக் கோபம் வந்தது. பெரிய கங்காணி அவரைச் சமாதானப்படுத்தினார். பின்னால் கூட்டம் சேர்ந்தால் முன்னால் இருப்பவள் தானாக நகர்வாள், பத்தடி அறையில் எத்தனை பேர் நிற்க முடியும் என்பது அவர் வாதம். அந்த ஆண்டு ஐரோப்பாவில் சண்டை தொடங்கிக் கப்பல்கள் குறைந்ததால் புது ஆட்கள் வரவில்லை. முதல் அறை காலியாகவே கிடந்தது. அடுத்த ஞாயிறும் ஜெயராசா காணைத் தாண்டினான். இந்தத் தடவை ஸஹாப்தீன் முழு விதியையும் நிதானமாகச் சொன்னார்; வேண்டாதவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பதினொன்றாம் அறைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தரை சாய்ந்தபோது, பழக்கத்தால் அல்ல, வேண்டுமென்றே காலை எடுத்து வைத்து, அம்மிக்கல்லோடு கருப்பம்மா அறைக்குள் வந்தார்கள். அவளைத் தனியாகத் தள்ளிவிட முடியாதபடி பின்னால் கனம் வேண்டும் என்று அவர்கள் நினைத்ததாகச் சொல்வார்கள். ஒருவேளை அடுத்தது தாங்கள்தான் என்ற பயமாகவும் இருக்கலாம். பயத்தையும் துணையையும் பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. பூவம்மா வந்த ஞாயிறு, காலை உயரத் தூக்கி, எல்லோரும் பார்க்கும்படி ஒரு நொடி அந்தரத்தில் வைத்திருந்து, பிறகு வைத்தாள். மழைக்காலம் முடியும்போது பன்னிரண்டு குடும்பங்களும் கடைசி அறையில் இருந்தன. மற்றப் பதினொரு அறைகளும் காலி.

அறை எல்லோரையும் கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது முன்பு இருந்த அதே அளவுதான். சிதம்பரநாதன் இரண்டு தடவை அளந்து பார்த்தார். உள்ளே பின்சுவர் தள்ளிப் போயிருந்தது. எவ்வளவு தள்ளி என்று பார்க்க அவர் கிணற்றுக் கயிற்றைக் கொண்டு போனார்; கயிறு போதவில்லை. உள்ளே அடுப்புகள் ஒரு நிரையாகவும், தொட்டில்கள் ஒரு நிரையாகவும் இருந்தன. நடுவில் ஆட்கள் நடந்து நடந்து ஒரு வழி விழுந்திருந்தது. கடைசியில் இருந்தவர்கள் சமைத்த வாசம் வாசலுக்கு வந்துசேர நேரம் பிடித்தது. துரை வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே போகவில்லை.

அதன்பின் அவர் ஸஹாப்தீனைத் தோட்டத்துக்குள் விடக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஊசிப்பாறை ஆட்கள் அதற்குப் பிறகு சீலைக்குப் பசறை வரைக்கும் நடந்தார்கள். ஸஹாப்தீனும் மூட்டையோடு அங்கே வந்து நிற்பார். அவருக்குப் பதிலாகச் சிதம்பரநாதனை அம்பயராக நிறுத்தினார்கள். ஜெயராசா காணைத் தாண்டினான். ஆளுக்கு ஒரு கல் என்று சிதம்பரநாதன் கத்தினார். லயத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய குடை மட்டும் அவர் கக்கத்திலிருந்து போய்ப் பத்தடி தள்ளிக் கிடந்தது. இரண்டாம் தடவை அவர் குடை கொண்டுவரவில்லை. அதோடு ஜெயராசா பந்தைக் கங்காணியின் காலடியில் வைத்துவிட்டு, தனக்கு இனிமேல் தோள் வலிக்கிறது என்று சொல்லிவிட்டான். களத்தில் பெரட்டு மட்டும் நடந்தது.

துரைக்கு இன்னொரு வழி இருந்தது: கருப்பம்மாவின் பேரைக் கூப்பிடாமல் விடுவது. பேர் கூப்பிடாதவர்களுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவர்களுக்குத் தோட்டத்தில் இடமில்லை. சிதம்பரநாதன் எப்போதும் அறை அறையாகத்தான் பேர் கூப்பிடுவார். ஒரு திங்கட்கிழமை காலை, பனிக்குள் நின்று, முதல் அறை என்றார். யாரும் இல்லை. பதினோராம் அறைவரைக்கும் அப்படியே போயிற்று. பன்னிரண்டாம் அறையில் கருப்பம்மாவை விட்டுவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. முன்வரிசையில் நின்ற பூவம்மா, “மொத ஆள விட்டுட்டீங்க, கணக்கப்பிள்ளை ஐயா,” என்றாள், தூக்கத்தில் இருப்பவரை எழுப்புவதுபோல. மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. சிதம்பரநாதன் துரையைப் பார்த்தார். துரை மலையைப் பார்த்தார். பிறகு அவர் பங்களாவுக்குப் போய்விட்டார். சிதம்பரநாதன் கருப்பம்மா என்று கூப்பிட்டார். அவள் இருக்கேங்க என்றாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் சொன்னார்கள்.

முத்துவீரன் தைப் பொங்கலுக்குப் பிறகு ஊன்றுகோலோடு வந்தான். வழியில் பதினொரு காலி அறைகளைப் பார்த்து, எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து, ஆறாம் அறை வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதானாம். அவன் அதை ஒத்துக்கொள்வதில்லை. சத்தம் கேட்டுக் கடைசி அறைக்குப் போனவன், கருப்பம்மா அரிசி புடைப்பதைக் கண்டு, இவ்வளவு பேர் ஏன் இங்கே என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு, காலை நீட்டிப் படுக்க இடம் உண்டா என்றான்.

1919இல் சுகாதாரப் பரிசோதனைக்கென்று பதுளையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். காலி அறைகளில் உரமூட்டைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தார். கடைசி அறைக்குள் காலையில் போனவர் மத்தியானத்துக்குப் பிறகு வெளியே வந்தார். உள்ளே இரண்டு இடத்தில் தேத்தண்ணி கொடுத்திருந்தார்கள். சப்பாத்தைத் தட்டிவிட்டு, கூரை ஒழுகவில்லை, காற்றோட்டம் போதாது, இன்னொரு சன்னல் வைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சன்னல் இன்னும் வைக்கவில்லை. பின்னேரங்களில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காலைக் கழுவிக்கொண்டு அந்த ஒரு வாசலால் உள்ளே போகிறார்கள். எல்லோரும் போய்முடிய இருட்டிவிடும். கருப்பம்மா வாசலருகே அடுப்பை ஊதிக்கொண்டே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, பின்னால ஆளு வருது என்பாள். அவர்கள் தள்ளி உட்காருவார்கள். தள்ளி உட்கார இடம் இருக்கும்.